செவியாவில் ஒரு மத்தியானம்: குடி, தாப்பாஸ், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெரிந்தவர்கள் யாராவது ஸ்பெயினுக்குக் கிளம்பினால் எனக்கு வாட்ஸ்அப்பில் அதே கேள்விகள் வந்துவிடும். தனித்தனியாகத் தட்டித் தட்டி அலுத்துப்போய் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். ஆங்கிலத்தில் செவில் என்பார்கள், ஊர்க்காரர்கள் வாயில் அது செவியா. நான் ஊர்க்காரர்கள் பக்கம். கதீட்ரலைச் சுற்றியுள்ள சந்துகள், சான்டா குரூஸ், சால்வதோர் சதுக்கம், அப்புறம் ஆற்றைத் தாண்டினால் வரும் திரியானா, இந்தப் பழைய ஊருக்குள் மத்தியானம் ஒரு மணியிலிருந்து நடக்கிற கூத்தைப் பற்றி மட்டும்தான் இது. அரண்மனை டிக்கெட் விவகாரமெல்லாம் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

தாப்பாஸ் என்பது என்ன மாதிரி சாப்பாடு?

அது சாப்பாட்டின் பெயரே இல்லை, அளவின் பெயர். ஒரே பண்டம் மூன்று அளவில் கிடைக்கும்: சின்னத் தட்டு என்றால் தாப்பா, அதைவிடப் பெரியது மேதியா ரசியோன், முழுத் தட்டு ரசியோன். கீரை வேண்டுமென்றாலும் தாப்பா கேட்கலாம், மாட்டுவால் வேண்டுமென்றாலும் தாப்பா கேட்கலாம். ஒருவர் நாலைந்து வாயில் முடித்துவிடும் அளவு. ஸ்பானிஷில் தாப்பா என்றால் மூடி. கோப்பையில் ஈ விழாமலிருக்க மேலே ஒரு துண்டு ரொட்டியோ பன்றித்தொடை இறைச்சியோ வைத்து மூடியதால் வந்த பெயர் என்பார்கள், ஏதோ ஒரு ராஜாவின் கோப்பையில் மணல் விழாமலிருக்க மூடியதால் என்றும் சொல்வார்கள். கடைக்குக் கடை ராஜா மாறுவார், அதனால் நான் எந்தக் கதையையும் நம்புவதில்லை. நம் வீட்டுக் கதவின் தாப்பாளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் இரண்டும் மூடுகிற வேலைதான் என்பது எனக்கு இன்னும் சிரிப்பாக இருக்கிறது.

மத்தியானமே குடிப்பார்களா?

ஆமாம், ஒளிவுமறைவே கிடையாது. தாத்தா, பாட்டி, தள்ளுவண்டியில் குழந்தை, வங்கியில் வேலை பார்க்கும் ஆள், கட்டட வேலை செய்யும் ஆள், எல்லோரும் ஒரே கவுன்டரில் நிற்பார்கள். கையில் இருப்பது 200 மில்லி சொச்சம் பிடிக்கும் சின்னக் கிளாஸ் பீர், பக்கத்தில் கொறிக்க ஏதாவது. போதை ஏற்றிக்கொள்வதற்காகக் குடிக்கும் ஆளை இந்த நேரத்தில் நான் அங்கே பார்த்ததே இல்லை என்று சொல்லலாம். தள்ளாடினால் கவுன்டர்க்காரர் முகம் சுளிப்பார், பக்கத்தில் நிற்பவர் நகர்ந்துகொள்வார். குடிப்பது பேசுவதற்கு ஒரு சாக்கு, சாப்பிடுவது இன்னொரு கிளாஸ் குடிப்பதற்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

எந்த நேரத்துக்குப் போக வேண்டும்? பன்னிரண்டு மணிக்குப் போனேன், ஒருவரையும் காணோம்!

காண முடியாது. இங்கே கடிகாரம் வேறு. 1940-இல் சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆட்சியில் ஸ்பெயின் தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி மத்திய ஐரோப்பாவோடு சேர்த்துக்கொண்டது, அப்புறம் திருப்பி வைக்கவே இல்லை. செவியாவோ நாட்டின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. அதனால் கோடையில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் கிட்டத்தட்ட 2.25 காட்டும், ஜூன் மாதம் இருட்டுவதற்குள் இரவு பத்து ஆகிவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டால் அவர்கள் சாப்பிடும் நேரம் அவ்வளவு விசித்திரமாகத் தெரியாது, வெயிலைப் பார்த்துத்தான் சாப்பிடுகிறார்கள்.

பொதுவாக ஒரு மணிக்கு முதல் பீர், இரண்டிலிருந்து நான்கு வரை கடைகள் நெரியும், நான்கு நாலரைக்குப் பல இடங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். மறுபடி பற்றவைப்பது எட்டு எட்டரைக்கு. ஐந்து மணிக்குப் பசியோடு போய் நின்றீர்களானால் ஆலிவ், சீஸ், வெட்டிவைத்த இறைச்சி மாதிரி அடுப்பு தேவைப்படாதவைதான் கிடைக்கும், அதுவும் கடை திறந்திருந்தால். நாள் முழுக்கச் சுடச்சுடக் கிடைக்கும் என்று வாசலில் படம் போட்ட பலகை வைத்திருக்கும் கடைகள் யாருக்காக இருக்கின்றன என்று உங்களுக்கே புரிந்திருக்கும்.

இந்த நான்கிலிருந்து எட்டுவரை இருக்கும் பொழுதுக்கு இப்போது தர்தேயோ என்று ஒரு பெயர் பிரபலமாகியிருக்கிறது. தார்தே என்றால் பிற்பகல். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் ஜின், ரம் என்று தொடர்வது. ராத்திரி விழித்திருக்க முடியாத வயதுக்காரர்களுக்கு இது ஒரு வரப்பிரசாதம், என்னையும் சேர்த்து.

பீர் வாங்கினால் தாப்பா இலவசம் என்றார்களே?

அது கிரனாதாவில், அல்மெரியாவில், ஹயேனில். அங்கே ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு தட்டு தானாக வரும். செவியாவில் காசு கொடுத்துத்தான் சாப்பிட வேண்டும். சில கடைகளில் நாலு ஆலிவோ ஊறவைத்த லூபின் பயறோ வைப்பார்கள், அதோடு சரி. நான் செவியாவைத்தான் விரும்புவேன், காசு கொடுத்தால் எனக்கு வேண்டியதை நான் கேட்கலாமே.

ஒரு கடையில் எத்தனை தட்டு வாங்குவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள். ஒரு கிளாஸ், ஒரு தட்டு, மிஞ்சிப்போனால் இரண்டு. அப்புறம் அடுத்த கடை.

நம் ஆட்கள் முதல்முறை வரும்போது செய்வது என்னவென்றால், ஏதோ ஒரு நல்ல கடையைத் தேடிப்பிடித்து, நாலு பேரும் மேசையில் உட்கார்ந்து, பந்தியில் இலை போட்ட மாதிரி பத்துப் பன்னிரண்டு அயிட்டத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். எல்லாம் ஒன்றாக வரும், பாதி ஆறிப்போகும், வறுத்தது நமத்துப்போகும், பில் எகிறும், வெளியே வந்து 'இதுக்குத்தானா இவ்வளவு பேச்சு?' என்பார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் சொன்னேன். ஒவ்வொரு கடைக்கும் ஒன்றோ இரண்டோ கைப்பக்குவம் இருக்கும், மிச்சமெல்லாம் சுமார்தான். கீரைக்கு ஒரு கடை, மீன் வறுவலுக்கு ஒரு கடை, வைனுக்கு ஒரு கடை என்று போவதுதான் முறை. இடையில் நடக்கும் ஐந்து நிமிட நடையும் இதில் சேர்த்தி. வயிறு கொஞ்சம் இறங்கும், பேச்சும் மாறும்.

கவுன்டரில் மூன்று வரிசைக்கு ஆள் நிற்கிறது. எப்படி ஆர்டர் செய்வது?

வரிசை கிடையாது, டோக்கன் கிடையாது, ஆனாலும் ஒழுங்கு இருக்கிறது. யாருக்குப் பின் யார் வந்தார் என்று கவுன்டர்க்காரருக்குத் தெரியும். கையை ஆட்டாதீர்கள், விரலைச் சொடுக்காதீர்கள். கவுன்டரில் ஒரு முழங்கை வைக்கும் இடம் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு அவர் கண்ணைப் பாருங்கள். புருவத்தைத் தூக்குவார், அதுதான் உங்கள் முறை. உடனே சொல்லிவிட வேண்டும், அந்த நேரத்தில் போய் மெனுவைப் புரட்டினால் அடுத்தவரிடம் போய்விடுவார்.

'போன்மே உனா கான்யா' என்றால் ஒரு சின்ன பீர் கொடுங்கள். பணிவாக இல்லையே என்று பயப்பட வேண்டாம், அங்கே எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். 'தயவுசெய்து, எனக்கு ஒன்று கிடைக்குமா' என்று நீட்டி முழக்கினால்தான் விநோதமாகப் பார்ப்பார்கள். முதலில் குடிப்பதைச் சொல்லுங்கள், அது வந்த பிறகு சாப்பிடுவதை.

என்ன குடிப்பது?

பீர் என்றால் குரூஸ்காம்போ. 1904-இல் இந்த ஊரிலேயே தொடங்கிய கம்பெனி, இப்போது ஹெய்னெகன் கையில். பீர் பிரியர்கள் இதைக் கிண்டல் செய்வார்கள், வெளியூர் ஸ்பானியர்கள் இன்னும் மோசமாகக் கிண்டல் செய்வார்கள். உண்மையைச் சொன்னால் தனியாக எடுத்துக் குடித்துப்பார்த்தால் அதில் ஒன்றும் இல்லை. ஆனால் 38 டிகிரி வெயிலில் நடந்துவந்து, பனி பூத்த சின்னக் கிளாஸில், சூடு ஏறுவதற்குள் முடித்துவிடும் அளவில் குடிக்கும்போது அதற்கு ஈடு இல்லை. பெரிய கிளாஸ் கேட்காததன் ரகசியம் அதுதான், பாதி குடிப்பதற்குள் வெந்நீர் ஆகிவிடும்.

என்னைக் கேட்டால் பீரோடு நின்றுவிடாதீர்கள். செவியாவிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் போனால் ஹெரேஸ், அங்கிருந்துதான் உலகம் ஷெர்ரி என்று சொல்லும் வைன் வருகிறது. ஷெர்ரி என்றதும் தித்திப்பு மருந்து மாதிரி ஏதோ என்று நினைத்தால் தப்பு. இங்கே குடிப்பது ஃபீனோ, மன்சனீயா, இரண்டிலும் இனிப்பு துளியும் கிடையாது. பீப்பாயை முழுக்க நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டுவைப்பார்கள். வைனின் மேல் ஈஸ்ட் வெள்ளையாக ஆடை மாதிரி படர்ந்து, காற்றுப் படாமல் காக்கும், இருக்கிற கொஞ்சநஞ்ச சர்க்கரையையும் தின்றுவிடும். அந்த ஆடைக்கு ஃப்ளோர் என்று பெயர், பூ என்று பொருள். குவாதல்கிவீர் ஆறு கடலில் சேரும் இடத்தில் உள்ள சன்லூகர் தெ பர்ரமேதா ஊரில் வைத்து முதிர்த்தால்தான் அதற்கு மன்சனீயா என்ற பெயர், கடல் காற்றால் ஒரு மெல்லிய உப்புத்தன்மை வரும் என்பார்கள். பீரைவிட வீரியம் மூன்று மடங்கு, சுமார் 15 சதவீதம், அதனால் மடக் மடக்கென்று குடிக்கிற சமாச்சாரம் இல்லை. நன்றாகக் குளிரவைத்து, சின்னக் கோப்பையில், ஆலிவோடும் வறுத்த மீனோடும் குடித்துப்பாருங்கள். முதல் வாய் முகத்தைச் சுளிக்கவைக்கும், மூன்றாவது வாயில் புரியும்.

ஓர் எச்சரிக்கை. ஸ்பானிஷில் மன்சனீயா என்றால் சீமைச்சாமந்திப் பூவில் போடும் டீயும்தான். வந்த புதிதில் நான் சாயங்காலம் ஒரு கடையில் கம்பீரமாக 'மன்சனீயா' என்று கேட்டு, ஆவி பறக்கும் கோப்பையும் நூல் தொங்கும் பொட்டலமும் வந்து நின்றது. கடைக்காரர் என் வயிற்றைப் பரிதாபமாகப் பார்த்தார், வயிறு சரியில்லாதவர்கள் கேட்பது அது. 'உனா கோபா தெ மன்சனீயா' என்று கோப்பையையும் சேர்த்துக் கேளுங்கள், 'ஃப்ரியா' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் குளிர்ச்சியானது என்றும் ஆகிவிடும், வம்பில்லை.

வயதான ஷெர்ரி வகைகளில் அமொன்தியாதோ, ஒலொரோசோ இரண்டும் பழுப்பு நிறம், முந்திரி வறுத்த மாதிரி வாசனை. பேத்ரோ ஹிமேனெஸ் மட்டும் கருப்பட்டிப் பாகு போல இருக்கும், அதை ஐஸ்கிரீம் மேல் ஊற்றிக்கொள்ளலாம்.

சங்ரியா?

ஊர்க்காரர்கள் கடையில் சங்ரியா குடிப்பது அபூர்வம். வெயிலுக்கு அவர்கள் கேட்பது தின்தோ தெ வெரானோ, அதாவது கோடைகாலச் சிவப்பு வைன்: சாதாரண சிவப்பு வைனில் பாதிக்குப் பாதி கசெயோசா என்ற இளம் இனிப்பு சோடாவையோ எலுமிச்சை சோடாவையோ ஊற்றி, ஐஸ் போட்டுத் தருவார்கள். விலையும் குறைவு, தலைவலியும் குறைவு. ஏப்ரல் திருவிழா சமயத்தில் வந்தால் ரெபுஹீதோ, மன்சனீயாவில் எலுமிச்சை சோடா கலந்தது. சர்பத் மாதிரி உள்ளே போகும், எழுந்து நிற்கும்போதுதான் அது சர்பத் இல்லை என்று தெரியும்.

நான் குடிப்பதில்லை. போய் என்ன செய்வது?

தாராளமாகப் போகலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். 'செர்வேசா சின்' என்றால் ஆல்கஹால் இல்லாத பீர், எல்லாக் கடையிலும் உண்டு. மோஸ்தோ என்றால் திராட்சைச் சாறு, ஐஸும் ஒரு ஆரஞ்சுத் துண்டும் போட்டுப் பார்க்க காக்டெய்ல் மாதிரியே தருவார்கள். ஒரு விஷயம்: செவியாவை ஒட்டிய அல்ஹராஃபே கிராமங்களில் குளிர்காலத்தில் மோஸ்தோ என்றால் புதிதாக நொதித்த இளம் வைன். ஊருக்குள் சாறு, ஊருக்கு வெளியே சாராயம், கேட்டுக் குடியுங்கள்.

கட்டாயம் சாப்பிட வேண்டியவை?

எனக்கு முதலில் கசோன் என் அதோபோ. குட்டிச் சுறாவைத் துண்டுபோட்டு, வினிகர், பூண்டு, சீரகம், ஒரிகானோவில் ஊறவைத்து, மாவில் புரட்டிப் பொரிப்பது. சந்துக்குள் நுழையும்போதே வினிகரும் சீரகமும் எண்ணெயில் விழுந்த வாசனை மூக்கில் ஏறும், அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே கடையைக் கண்டுபிடித்துவிடலாம். அப்புறம் பவியா தெ பகலாவ், உப்புக்கண்டமாகப் போட்ட காட் மீனை ஊறவைத்து உப்பு எடுத்து, பஜ்ஜி போல மாவில் தோய்த்துப் பொரித்தது. பிரிங்கா என்றால் பருப்பும் இறைச்சியும் போட்டு மணிக்கணக்கில் வேகவைத்த குழம்பில் மிஞ்சிய பன்றி, மாடு, ரத்த சாசேஜ் எல்லாவற்றையும் மசித்து, சின்ன பன்னில் வைத்து அழுத்திச் சுட்டுத் தருவது. அந்தச் சின்ன பன்னுக்கு மொன்ததீதோ என்று பெயர். சொலொமீயோ அல் விஸ்கி, பன்றியின் மெல்லிய இறைச்சியில் பூண்டும் விஸ்கியும் எலுமிச்சையும் சேர்த்த குழம்பு, அதைத் தொட்டுக்கொள்ளவே ரொட்டி கேட்பார்கள்.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை வாசலில் 'ஆய் கராகோலெஸ்' என்று தாளில் எழுதி ஒட்டியிருக்கும். நத்தை வந்துவிட்டது என்று அர்த்தம். சுண்டைக்காய் அளவு நத்தைகளைக் காரமான மூலிகை ரசத்தில் வேகவைத்துக் கண்ணாடி டம்ளரில் தருவார்கள். ஒவ்வொன்றாக உறிஞ்சிவிட்டு ரசத்தைக் குடித்துவிட வேண்டும். தயங்குகிறவர்கள் ரசத்தை மட்டுமாவது குடித்துப்பாருங்கள், மிளகும் சீரகமும் தெரியும்.

நான் சைவம். பட்டினியா?

இல்லை, ஆனால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். உங்களுக்கென்றே செய்த மாதிரி ஒரு பண்டம் இந்த ஊரின் அடையாளமாக இருக்கிறது: எஸ்பினாகாஸ் கொன் கர்பன்சோஸ், கீரையும் கொண்டைக்கடலையும். பசலைக் கீரையை வதக்கி, கொண்டைக்கடலை சேர்த்து, எண்ணெயில் பொரித்த ரொட்டியையும் பூண்டையும் சீரகத்தையும் உரலில் இடித்துப் போட்டு, மிளகாய்த் தூளும் ஒரு சொட்டு வினிகருமாக இறக்குவது. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில் இறைச்சி கூடாது என்பதால் நிலைபெற்ற சமையல், இப்போது வருடம் முழுக்க உண்டு. கையளவு மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்க வரும். வழித்துத் தின்றபிறகு சட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் இடித்த ரொட்டி மசாலாதான் அதன் சாரம், பீகோஸ் என்று தரும் குச்சி ரொட்டியால் அதைச் சுரண்டிச் சாப்பிட வெட்கப்படாதீர்கள், பக்கத்தில் இருப்பவரும் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்.

வறுத்த கத்தரிக்காய் மேல் கரும்புப் பாகு ஊற்றித் தருவார்கள், அதுவும் அருமை. முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் தோர்த்தீயா என்ற உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடை எங்கும் உண்டு. சல்மொரேஹோ என்ற கெட்டித் தக்காளிக் குளிர்கூழ் நல்லதுதான், ஆனால் மேலே ஹமோன் என்ற பன்றித்தொடை இறைச்சியைத் தூவிவிடுவார்கள், 'சின் ஹமோன்' என்று முன்னாலேயே சொல்லவேண்டும்.

பொறி இருப்பது 'சின் கார்னே' என்ற சொல்லில். இறைச்சி வேண்டாம் என்று நீங்கள் சொன்னதாக நினைப்பீர்கள், அவருக்கோ கார்னே என்றால் மாட்டுத் துண்டு, பன்றித் துண்டு மாதிரி தட்டில் கனமாகக் கிடப்பதுதான். ஹமோன் வேறு கணக்கு, டூனா மீன் வேறு கணக்கு. என் நண்பர் ஒருவர் இப்படிச் சொல்லி சாலட் வாங்க, அது டூனாவோடு வந்தது. திருப்பி அனுப்பியதும் கடைக்காரர் மனம் கோணாமல் டூனாவை எடுத்துவிட்டு அதையே கொண்டுவந்து வைத்தார். ஆகவே ஒவ்வொன்றாக அடுக்கிச் சொல்லுங்கள்: சின் கார்னே, சின் ஹமோன், சின் அதூன். குரொகேதா என்ற உருண்டைப் பொரியலில் பெரும்பாலும் ஹமோன் இருக்கும். பாபாஸ் அலின்யாஸ் என்ற உருளைக்கிழங்கு சாலட்டில் பல கடைகளில் டூனா. எண்ணெய்ச் சட்டி ஒன்றுதான், மீன் பொரித்ததில்தான் கத்தரிக்காயும் பொரியும். அது ஒத்துவராது என்றால் பொரித்ததைத் தவிர்த்துவிடுங்கள்.

மாடு வேண்டாம், அல்லது பன்றி வேண்டாம் என்றால்?

தெர்னேரா, தோரோ என்று வந்தால் மாடு. செர்தோ, இபேரிகோ, சொலொமீயோ என்றால் பெரும்பாலும் பன்றி. கர்ரியாதா என்ற கன்ன இறைச்சி இரண்டிலும் செய்வார்கள், கேட்டுவிடுங்கள். பிரிங்காவில் இரண்டுமே இருக்கும். இரண்டும் வேண்டாம், குழம்பில் மதுவும் கூடாது என்பவர்களுக்கு வழி மீன் கடைதான்: வினிகரில் ஊறிய நெத்திலி, சுட்ட கணவாய், இறால்.

சரி, எந்தெந்தக் கடை?

பட்டியல் போட எனக்குப் பிடிக்காது, ஆனாலும் கேட்பீர்கள். எல் ரின்கொன்சீயோ, 1670-இலிருந்து இருக்கிறது, ஹெரோனா தெருவில் சான்டா கதலீனா தேவாலயத்துக்குப் பக்கம். கூட்டம் உண்டு, சுற்றுலாப் பயணிகள் உண்டு, அப்படியும் போக வேண்டும். கீரையும் பவியாவும் அங்கே சாப்பிடுங்கள், நின்றுகொண்டே. கணக்கை மரக் கவுன்டரிலேயே சாக்பீஸால் எழுதுவார்கள். காசா மொராலெஸ், 1850, கதீட்ரலிலிருந்து இரண்டு நிமிடம். பின்கட்டில் ஆளைவிட உயரமான பழைய வைன் குதிர்கள் சுவரோரமாக நிற்கும், அவற்றின் நடுவில் நின்று மன்சனீயா. சான்டா குரூஸில் 'லாஸ் கொலும்னாஸ்' என்று எல்லோரும் சொல்லும் பொதேகா சான்டா குரூஸ், அங்கே பிரிங்கா. மத்தேயோஸ் ககோ தெருவில் அல்வாரோ பெரெஹில் என்ற கைக்குட்டை அளவு கடையில் வீனோ தெ நரான்ஹா, ஆரஞ்சுத் தோல் ஊறவைத்த இனிப்பு வைன், ஒரு சின்ன கிளாஸ் போதும்.

கடைக்கே போகாமல் சும்மா நிற்பதும் உண்டு. சால்வதோர் சதுக்கத்தில் தேவாலயத்துக்கு எதிரே வளைவுகளுக்குக் கீழ் சின்னச் சின்னக் கடைகள். மத்தியானம் பீரை வாங்கிக்கொண்டு சதுக்கம் முழுக்க ஜனம் நிற்கும், தேவாலயப் படிக்கட்டிலும் உட்கார்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தால் கால் வைக்க இடம் இருக்காது. எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனது அந்தப் படிக்கட்டில்தான்.

திரியானாவுக்குப் போக வேண்டுமா?

போங்கள், நடந்தே போங்கள். 1852-இல் திறந்த இரும்புப் பாலத்தைத் தாண்டியதும் வலதுபக்கம் சந்தை இருக்கிறது. ஒரு காலத்தில் மதவிசாரணை மன்றம் உட்கார்ந்திருந்த சான் ஹோர்ஹே கோட்டையின் இடிபாடுகள் மேல் கட்டிய சந்தை, கீழே அந்தச் சுவர்களை இன்னும் பார்க்கலாம். மேலே மீன் கடைகளுக்கு நடுவே சின்ன பார்கள். சந்தை மத்தியானத்தோடு முடிந்துவிடும், அதனால் திரியானாவை முதலில் வைத்துக்கொள்வது நல்லது. ஆற்றோரத் தெருவான பேதிஸில் காட்சிக்குக் காசு வாங்குவார்கள். உள்ளே இரண்டு தெரு தள்ளிப் போனால் சாப்பாட்டுக்கு மட்டும் வாங்குவார்கள்.

வெளியே மேசை போட்டிருக்கிறார்களே, உட்காரலாமா?

உட்காரலாம், ஆனால் பல கடைகளில் தாப்பா அளவு கவுன்டரில் மட்டும்தான். மேசையில் மேதியா ரசியோனிலிருந்துதான் தருவார்கள், சில இடங்களில் விலையும் கூடுதல். கதீட்ரலைப் பார்த்த மேசை ஒன்றில் நான் ஒருமுறை விலையைக் கேட்காமல் உட்கார்ந்துவிட்டு, நாலு பேருக்கு ஆன பில்லைப் பார்த்து நால்வரும் பேசாமல் இருந்தோம். கேட்காத ரொட்டிக்கும் ஆளுக்கு ஒரு தொகை போட்டிருந்தார்கள். ரொட்டி வேண்டாமென்றால் வைக்கும்போதே சொல்லிவிடுங்கள். கடைக்குள் புகைபிடிக்க 2011-இலிருந்து தடை, ஆகவே புகை பிடிப்பவர்கள் எல்லோரும் வெளி மேசையில்தான் இருப்பார்கள் என்பதும் ஒரு கணக்கு.

கவுன்டருக்குக் கீழே குப்பையாக இருக்கிறதே?

பழைய கடைகளில் கசக்கிய காகித நாப்கினும் இறால் ஓடும் தரையில் கிடக்கும். அசிங்கம் என்று திரும்பிவிடாதீர்கள், கூட்டம் வந்துபோனதன் அடையாளம் அது, அவ்வப்போது கூட்டிவிடுவார்கள். புதுக் கடைகளில் இந்த வழக்கம் குறைந்துவிட்டது, அதனால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று பார்த்துச் செய்யுங்கள். அந்த நாப்கின்களைப் பற்றி ஒரு புலம்பல்: வருகைக்கு நன்றி என்று அச்சடித்த மெழுகுத்தாள் மாதிரி ஒன்று, எண்ணெயைத் துடைக்காது, ஒரு விரலிலிருந்து இன்னொரு விரலுக்கு மாற்றும். பத்து எடுத்தாலும் கை பிசுபிசுதான்.

எந்த மாதம் வரலாம்?

மார்ச்சில் தெருவெல்லாம் ஆரஞ்சுப் பூ வாசனை, அக்டோபர் நவம்பரில் இதமான வெயில். ஜூலை ஆகஸ்ட்டில் 40 டிகிரியைத் தாண்டும், தெருக்களுக்குக் குறுக்கே துணிப் பந்தல் கட்டியும் தாங்காது, பாதிக் கடைக்காரர்கள் கடலோரத்துக்குப் போய்விடுவார்கள். புனித வாரத்திலும் ஏப்ரல் திருவிழாவிலும் ஊர் அழகுதான், ஆனால் அந்தக் கூட்டத்தில் முழங்கை வைக்க இடம் கிடைக்காது, அறை வாடகையும் கிறுகிறுக்கவைக்கும். மத்ரீதிலிருந்து அதிவேக ரயில் இரண்டரை மணி நேரம், காலையில் ஏறினால் முதல் பீருக்கு வந்துவிடலாம்.

எவ்வளவு செலவாகும், டிப்ஸ் எவ்வளவு?

நின்று சாப்பிட்டால் தாப்பா ஒன்று மூன்றிலிருந்து ஐந்து யூரோவுக்குள் பெரும்பாலும் அடங்கும், சின்ன பீர் அதைவிடக் குறைவு. ஆளுக்கு இருபது இருபத்தைந்து யூரோவில் நாலு கடை ஏறி இறங்கலாம். டிப்ஸ் கட்டாயமில்லை, மீதிச் சில்லறையை விட்டுவிட்டு வருவார்கள். ஒவ்வொரு கடையிலும் ஒருவர் மொத்தமாகக் கொடுப்பதுதான் வழக்கம். ஆளாளுக்குப் பிரித்து பில் கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் சாக்பீஸ் கணக்குக்காரரிடம் அந்தப் பாவத்தைச் செய்யாதீர்கள்.

எப்படிக் கிளம்புவது?

'மே கோப்ராஸ்?' என்றால் காசு எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொருள். கவுன்டரில் உங்கள் கை பக்கத்தில் எழுதிய எண்களை அவர் வாய்க்குள் முணுமுணுத்துக் கூட்டி, தொகையைச் சொல்லி, காசு கைக்கு வந்ததும் ஈரத்துணியால் ஒரே இழுப்பில் அழித்துவிடுவார். முழங்கையை அதன் மேல் வைத்துக்கொண்டிருந்தீர்களானால் உங்கள் கணக்கு பாதி சட்டைக்கு வந்திருக்கும், எனக்கு இரண்டு முறை வந்திருக்கிறது. கவலையில்லை, அவருக்கு மனப்பாடம்.

இன்னொன்று. கூட இருக்கும் ஊர்க்காரர் 'லா பெனூல்திமா' என்பார், கடைசிக்கு முந்தைய கிளாஸ் என்று அர்த்தம். கடைசி என்ற சொல்லை வாயில் எடுக்கமாட்டார்கள், அபசகுனம். அதனால் அவர் அப்படிச் சொன்னதும் முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று பையை எடுத்துத் தோளில் மாட்டாதீர்கள். இதைச் சொன்ன பிறகு இன்னும் மூன்று கடை போயிருக்கிறோம்.